நம் முன்னோரின் கப்பல்களைத் தேடிய பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம்

பொன்விழா மலர் என்றால் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள், பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் வாரி வழங்கிய கொடையாளர்கள், மார்க்கப் பணியாற்றிய ஆலிம்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகள் இடம்பெறுவது வழக்கம். இம்மலரிலும் அவை இடம்பெற்றுள்ளன. அவற்றோடு சேர்த்து, நம் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, நம் மார்க்கத்தையும் சாராத ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டுமென்று விரும்பினோம். கோலாலம்பூரில் சுமார் பத்தாண்டு காலம் வாழ்ந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் அவர்களே அவர்.

காரணம் உண்டு. இந்த நாட்டுக்கு நீங்கள் எப்போது வந்தீர்கள் என்ற கேள்வி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் வேலையிடத்திலும் வந்துகொண்டே இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பாட்டனார் ரஜூலா கப்பலில் வந்தார் என்றோ, சிதம்பரம் கப்பலில் வந்தார் என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். இந்தியர் ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் ஆளாக வந்தவர்கள் என்ற ஒற்றை வரிதான் பொதுவாக எல்லார் மனத்திலும் இருக்கிறது. அந்த வரி பொய்யன்று. பல்லாயிரம் குடும்பங்களின் கண்ணீர் அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னே இருந்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளை அது விட்டுவிடுகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சொந்தக் கப்பலில் சரக்கேற்றிவந்து, மலாய் சுல்தான்களின் அவையில் மரியாதையோடு அமர்ந்த சூலியா வணிகர்களின் காலம் அது. அது பாட்டி சொன்ன கதையாக இருந்தது. அதைத் தேதியும் துறைமுகமும் சரக்குமாக, எவரும் மறுக்க முடியாத ஆவணமாக்கித் தந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அரசரத்தினம்.

அவர் பிறந்தது இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நவாலி என்ற ஊரில், 1930 மார்ச் 20-ஆம் நாள். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தார். அமெரிக்க மிசனரிமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய புகழ்பெற்ற செமினரியின் வழிவந்த கல்லூரி அது. பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று 1951-இல் முதல் வகுப்பில் தேறினார். இலண்டனில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பேராதனையில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். இதுவரை, படித்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலருடைய வாழ்க்கைபோலத்தான் இருக்கிறது.

வேறுபாடு எங்கே வந்தது என்றால், அவர் எடுத்துக்கொண்ட தலைப்பில். இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பறித்து ஆண்ட டச்சுக்காரர்களை, யாழ்ப்பாணத்தார் ஒல்லாந்தர் என்று அழைப்பவர்களை, அவர் ஆராய்ந்தார். அதற்கு டச்சு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. பதினேழாம் நூற்றாண்டுக் கணக்குப்பிள்ளைகள் இறகுப் பேனாவால் கிறுக்கிய கையெழுத்தையும் படிக்கத் தெரியவேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது முதல் எல்லாவற்றையும் எழுதிவைத்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் எந்தக் கப்பல் வந்தது, நாகுதா யார், எந்த ஊர், என்ன சரக்கு, எத்தனை மூட்டை, யாரிடம் கடவுச்சீட்டு வாங்கினான் என்பதை எழுதி, பத்தாவியாவுக்கு ஒரு படியும், அங்கிருந்து தாய்நாட்டுக்கு ஒரு படியும் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் காகிதங்கள் இன்றும் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சென்னையிலும் கொழும்பிலும் ஒரு பகுதி இருக்கிறது. அரசரத்தினம் தம் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சென்று அகழ்ந்த சுரங்கம் இதுதான்.

அவருடைய முதல் நூல் 1958-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 1658 முதல் 1687 வரை இலங்கையில் டச்சு ஆதிக்கம் எப்படி நிலைபெற்றது என்பது அதன் பொருள். 1658 என்பது யாழ்ப்பாணக் கோட்டையும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கைக்குப் போன ஆண்டு. பாக்கு நீரிணையின் இரு கரையும் ஒரே கம்பெனியிடம் சிக்கிக்கொண்டது. அதுவரை காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்கள் அரிசியும் துணியும் ஏற்றிச் சென்று இலங்கைத் துறைகளில் இறக்கி, பாக்கு ஏற்றிவந்தனர். கம்பெனி அந்தப் பாக்கு வணிகத்தைத் தன் தனியுரிமையாக்க முனைந்தது. கண்டி அரசனுக்குரிய துறைகளையும் அடைக்கப் பார்த்தது. முஸ்லிம் வணிகர்களுக்குக் கட்டுப்பாட்டுக்குமேல் கட்டுப்பாடு விதித்தது. நம் முன்னோர் அரசரத்தினத்தின் கண்ணில் முதலில் பட்டது இந்த இடத்தில்தான் என்று நாம் கருதுகிறோம். டச்சு ஆட்சியைப் படிக்கப் போனவர், டச்சுக்காரருக்குத் தீராத தலைவலியாக இருந்த தமிழ் முஸ்லிம் வணிகரைக் கண்டுகொண்டார்.

1961-இல் அவர் கோலாலம்பூருக்கு வந்தார். பந்தாய் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம் அப்போதுதான் கட்டடம் கட்டடமாக எழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் அதிகத் தூரமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயிலும் அரசாங்கக் குமாஸ்தா வேலையிலும் சேர வந்தவர்களின் குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்த காலம். அதே வட்டாரத்தில் நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகளும், பணமாற்றுக் கடைகளும், மளிகைக் கடைகளும் இருந்தன. யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்துக் கடலோர முஸ்லிம்களும் ஒரே தெருவில் ஒரே மொழி பேசிக்கொண்டு, ஒருவர் வரலாறு மற்றவருக்குத் தெரியாமல் வாழ்ந்தார்கள். அந்த இடைவெளியில் பாலம் போட வந்தவர் போல அரசரத்தினம் வந்து சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு அந்த ஆண்டில்தான் தனிநாயகம் அடிகளார் தலைமையேற்றார். அவரும் யாழ்ப்பாணத்தவர், கத்தோலிக்கத் துறவி. தமிழ் ஆராய்ச்சியை உலகப் பொதுவாக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு உழைத்தவர். அவர் நடத்திய தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கில ஆய்விதழில் 1964-இல் அரசரத்தினம் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பே நம்மைத் தொடும்: பதினேழாம் நூற்றாண்டின் பெருவணிகர் பெரியதம்பி மரைக்காயரைப் பற்றியது அது.

இந்தக் கட்டுரையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கீழக்கரைப் பெரியதம்பி மரைக்காயர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் வலக்கரமாக விளங்கியவர். துணி, அரிசி, மிளகு, பாக்கு என்று அவர் கை வைக்காத சரக்கில்லை. சங்கு, முத்துக் குளிப்புத் தகராறுகளிலும் பாம்பன் கால்வாய்த் தகராறுகளிலும் டச்சுக் கடிதங்களில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. அவரைச் சேதுபதியின் நிர்வாகத்திலிருந்து விலக்கவேண்டும் என்று கம்பெனி அழுத்தம் கொடுத்தது. ஒரு தனி வணிகரைக் கண்டு, கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த கம்பெனி அஞ்சியது என்பதுதான் இதன் பொருள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நாமெல்லாம் சிறுவயதில் கேட்ட வள்ளல், உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல், இவரேதான் என்று சிலரும், இவருடைய குடும்பத்தவர் என்று சிலரும் கொள்வர். அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், தமிழ்ப் புலவர்கள் கொடையாளியாக மட்டுமே காட்டிய குடும்பத்தை டச்சுக் கணக்கு வணிகக் குடும்பமாகக் காட்டுகிறது. கொடுக்கக் கையில் பொருள் எப்படி வந்தது என்பதைப் பாட்டில் தேடினால் கிடைக்காது, கணக்கில்தான் கிடைக்கும்.

1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. மலேசியத் தமிழர் எல்லாரும் பெருமையோடு நினைக்கும் நிகழ்ச்சி. அந்த மாநாட்டில் அரசரத்தினம் பேசியது கடலைப் பற்றியன்று. 1945 முதல் 1955 வரை மலாயா இந்தியரிடையே எழுந்த சமுதாய, அரசியல் கொந்தளிப்பைப் பற்றி. அதே ஆண்டில் மலாயாவில் இந்தியர் கொண்டாடும் திருவிழாக்கள் குறித்து ஒரு சிறு நூலும் எழுதினார். இந்த நாட்டில் இருந்தவரை இந்த நாட்டு மக்களை அவர் மறக்கவில்லை. வரலாற்றுத் துறைப் பேராசிரியராகவும் உயர்ந்தார். 1970-இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியரைப் பற்றிய அவருடைய நூல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக வெளிவந்தது. 1979-இல் திருத்திய பதிப்பும் வந்தது. கங்காணி முறை, தோட்டக் கூலி, தொழிற்சங்கம், அரசியல் கட்சி என்று பரந்த நூல் அது. 1969 மே கலவரத்தின் சூடு ஆறாத நேரத்தில், சிறுபான்மை மக்களின் நிலையை நிதானமான குரலில் சொன்னது. அந்த நூலின் பாரம் தோட்டப்புறத் தொழிலாளர் பக்கமே இருக்கிறது. அது நியாயமும்கூட. மலேசிய இந்தியரில் பெரும்பகுதியினர் அவர்கள்தாமே.

நம்மவர் வரலாற்றை அவர் முழு அளவில் எழுதியது இதற்குப் பின்னர்தான். 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அது ஆர்மிடேல் என்ற ஊரில் இருக்கிறது. மேட்டுநிலத்தில், கடல் கண்ணுக்கே தெரியாத ஊர். பேராதனையும் மலைநாடு, கோலாலம்பூரும் உள்நாடு. கடல் வரலாற்றை எழுதிய இவர் கடலோரத்தில் வேலை பார்த்ததே இல்லை என்று நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. நண்பர்களும் சக ஆசிரியர்களும் அவரை அரசா என்றே அழைத்தனர்.

அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதை நம் குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறோம்.

சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் போட்ட துணிக்கு மலாய்த் தீவுகளில் பெரும் கிராக்கி இருந்தது. துணியைக் கொண்டுவந்து விற்று, இங்கிருந்து ஈயம், மிளகு, பாக்கு, பொன் ஏற்றிச் சென்றார்கள். கெடாவிலிருந்து யானைகள்கூடக் கப்பலேறின. யானையைக் கப்பலில் ஏற்றிக் கடல் கடத்தும் திறமை சாதாரணமன்று. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே கொண்டுவரும். வடகிழக்குக் காற்று திருப்பி அனுப்பும். இந்தக் காற்றின் கணக்கில்தான் சபராளிகளின் வாழ்க்கை ஓடியது. அச்சே, கெடா, பேராக், ஜொகூர், மலாக்கா, இன்று பூக்கெட் என்று வழங்கும் உஜோங் சாலாங், அதற்கு வடக்கே மெர்குயி, தெனாசரிம் என்று துறைகள் நீண்டன. நம் கிள்ளான் துறைமுகம் அப்போது இல்லை. அது போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல்தான் திறக்கப்பட்டது.

1641-இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தார்கள். நீரிணையில் போகும் கப்பலெல்லாம் தங்களிடம் சீட்டு வாங்கவேண்டும், மலாக்காவைத் தொட்டு வரி கட்டிப் போகவேண்டும் என்றார்கள். ஈயத்தைத் தங்களுக்கே தரவேண்டுமென்று சுல்தான்களை நெருக்கினார்கள். கெடா சுல்தானோடு 1642-இல் ஓர் உடன்படிக்கையும் செய்தார்கள். சொல்பேச்சு கேளாத துறைமுகத்தை ஆற்று முகத்தில் கப்பல் நிறுத்தி முற்றுகையிட்டார்கள். போர்த்துகீசியர் ஒரு நூற்றாண்டு செய்ததை இவர்கள் இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள்.

பழைய வரலாற்று நூல்கள் பல, இந்த இடத்தில் ஆசிய வணிகரின் கதையை முடித்துவிடும். வான் லேர் என்ற டச்சு அறிஞர், ஆசியக் கடல் வணிகம் பெரும்பாலும் சிறு மூட்டை தூக்கிகளின் வணிகம் என்று எழுதியிருந்தார். அரசரத்தினம் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். பெரிய மனிதர்கள் இருந்தார்கள்; பல கப்பல்களுக்குச் சொந்தக்காரர்கள், ஊரரசனுக்குக் கடன் கொடுத்தவர்கள், நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கியவர்கள். அவர்களுடைய கப்பலிலேயே இரண்டு கட்டுத் துணியோடு இடம் பிடித்துவந்த சிறு வணிகரும் இருந்தார்கள். இருவரும் சேர்ந்ததுதான் அந்த வணிகம். இன்று மஸ்ஜித் இந்தியாவில் மொத்த வியாபாரியும் நடைபாதைக் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

டச்சுக் கட்டுப்பாட்டை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி. பழவேற்காடும் நாகப்பட்டினமும் டச்சுக்காரர் கையில் இருந்தன. ஆனால் நாகப்பட்டினத்துக்கு அடுத்த ஊரான நாகூர் தஞ்சை மன்னரின் ஆட்சியில் இருந்தது. பரங்கிப்பேட்டை எந்த ஐரோப்பியக் கோட்டைக்கும் கட்டுப்படாமல் இருந்தது. அங்கிருந்து கப்பல் புறப்படும். டச்சுக்காரர் சீட்டு மறுத்தால் ஆங்கிலேயரிடம் வாங்கினார்கள், தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரரிடம் வாங்கினார்கள், போர்த்துகீசியரிடமும் வாங்கினார்கள். மலாக்காவுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சீட்டு வாங்கிக் கெடாவில் சரக்கு இறக்கினார்கள். பெரிய துறையில் காவல் இருந்தால் சிறு கழிமுகத்தில் நுழைந்தார்கள். டச்சு அதிகாரிகள் இவர்களைக் கள்ளக்கடத்தல்காரர் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். அரசரத்தினம் அந்தப் புகார்களையே சான்றாக எடுத்துக்கொண்டார். இத்தனை புகார் எழுதும்படி ஒரு வணிகம் நடந்திருக்கிறது என்றால், அது அழிந்துபோன வணிகமாக இருக்க முடியாது அல்லவா? நம் முன்னோர் தங்களைப் பற்றி எழுதிவைத்தது மிகச் சொற்பம். அவர்களுடைய எதிராளிகள் எழுதிவைத்தது ஏராளம். எதிராளியின் காகிதத்திலிருந்து இவர்களுடைய பக்கத்தை வெளியே எடுத்ததுதான் அவருடைய பெரிய சாதனை என்று நாம் நினைக்கிறோம்.

சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் கம்பெனிகளையும் பற்றி, 1650 முதல் 1740 வரையிலான காலத்துக்கு, அவர் எழுதிய பெருநூல் 1986-இல் வெளிவந்தது. அதில் செட்டியார்கள் வருகிறார்கள், கோமுட்டிகள் வருகிறார்கள், பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு பேரம் பேசிய பெருவணிகர் குடும்பங்கள் வருகின்றன. காலப்போக்கில் அவர்களில் பலர் கடலை விட்டு, கம்பெனிக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். சூலியா வணிகர்கள் மட்டும் கடலை விடவில்லை. அடுத்த ஆண்டிலேயே, தென்கிழக்காசியாவில் 1650 முதல் 1800 வரை சூலியா முஸ்லிம் வணிகர் என்ற தனிக் கட்டுரையையும் வெளியிட்டார். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் நம்மைப் பற்றி எழுதத் தொடங்கினால் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

கடலை விடாமல் நின்றதற்கு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று, மலாய் அரசவைகளோடு இருந்த உறவு. கெடாவிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் அச்சேயிலும் சுல்தான்களின் வணிகத்தைக் கவனிக்கும் சவுதாகர் ராஜா பதவியில் சூலியாக்கள் இருந்தார்கள். சுல்தானின் சொந்தக் கப்பல் சோழமண்டலக் கரைக்குப் போனால் அதன் பொறுப்பு இவர்களிடம். ஒரே மார்க்கம், ஒரே தொழுகை; அதனால் மண உறவும் எளிதாயிற்று. சிலர் இங்கேயே தங்கி மலாய்க் குடும்பங்களோடு கலந்தார்கள். சிலர் ஊரில் ஒரு வீடும் இங்கே ஒரு வீடுமாக வாழ்ந்தார்கள். சிலர் காற்று மாறியதும் திரும்பிப் போனார்கள். நாம் யார் என்று அரசாங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்ற குழப்பம் நம் வீடுகளில் தீர்ந்தபாடில்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்டத்தையும் தம்பி வேறொன்றையும் குறிப்பதையும் பார்க்கிறோம். அரசரத்தினத்தின் ஆவணங்கள் இதற்கு ஒற்றை விடை தருவதில்லை. முந்நூறு ஆண்டுக்கு முன்னேயே நம்மவர் இந்த மூன்று வகையாகவும் இருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. அவரை மேற்கோள் காட்டி மேடையில் ஒரு பக்கம் மட்டும் பேசுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

1989-இல் அவர் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தார். தாம் பணியாற்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில், இலங்கை அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆற்றும் அழைப்பு. யாழ்ப்பாணத்துத் தமிழர், இலங்கைப் பெயரிலான சொற்பொழிவு. இலங்கையைப் பற்றி எதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் தேர்ந்த தலைப்பு, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து தென்கிழக்காசியாவுக்கு வந்த இஸ்லாமிய வணிகச் சமுதாயங்கள். குஜராத்தியர், வங்காளத்தார், சூலியாக்கள் ஆகியோரை ஒருசேர வைத்துப் பேசினார். பல்கலைக்கழகம் அதைச் சிறு நூலாக அச்சிட்டது. ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய நூல். அவருடைய பெருநூல்களைப் படிக்க நேரமில்லாத இளைஞர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இந்த வணிகம் பின் ஏன் தளர்ந்தது? நம்மவர் சோம்பிவிட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஆங்கிலம் படிக்காததால் என்று சிலர். அரசரத்தினத்தின் பிற்கால நூல்களில் கிடைக்கும் விடை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் கடல்சார் இந்தியாவைப் பற்றிய நூல் 1994-இலும், 1750 முதல் 1800 வரை தென்கிழக்கு இந்தியக் கடல் வணிகமும் ஆங்கிலேய ஆதிக்கமும் பற்றிய நூல் 1996-இலும் வந்தன. கடலில் டச்சுக்காரரால் முடியாததை நிலத்தில் ஆங்கிலேயர் முடித்தார்கள் என்பது இரண்டாவது நூலின் சாரம். கர்நாடகப் பகுதியின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனதும், நெசவுக் கிராமங்கள் அதன் பிடிக்குள் போயின. நெசவாளர் யாருக்குத் துணி விற்பது என்பதைக் கம்பெனியின் ஆட்கள் முடிவு செய்தார்கள். முன்பணம் கொடுத்த பழைய வணிகர் வாசலிலேயே நிற்கவேண்டியதாயிற்று. கப்பல் இருந்து, காற்று இருந்து, இங்கே வாங்க ஆள் இருந்து, ஏற்றச் சரக்கு இல்லையென்றால் என்ன செய்வது? சென்னையிலிருந்த ஆங்கிலத் தனிவணிகர்களின் போட்டியும் சேர்ந்துகொண்டது.

அப்போதும் அவர்கள் ஒரேயடியாக விழுந்துவிடவில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைத் திறந்தபோது முதலில் வந்து கடை வைத்தவர்களில் சூலியாக்கள் இருந்தார்கள். ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை கரையிலிருந்து வந்து போவதாக லைட் 1794-இல் குறித்திருக்கிறார். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மைதீன் மரைக்காயர் கப்பித்தான் கிலிங் ஆனார். 1801-இல் எழுந்த அவர் பெயர் சொல்லும் பள்ளிவாசலில் நம்மில் தொழாதவர் குறைவு. பக்கத்திலேயே சூலியா தெரு. பினாங்குக்குச் சுற்றுலா போய் அங்கே நாசி கண்டார் சாப்பிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தெருப் பெயரின் வயதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அரசரத்தினத்தின் எழுத்தில் நமக்குக் குறையாகத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறோம். அவர் எழுத்து முழுக்கச் சரக்கு, சீட்டு, வரி, கடன். கப்பல் ஏறுமுன் நாகூர் ஆண்டகையின் தர்காவில் நேர்ச்சை செய்தவர்களின் மனம் அதில் குறைவாகவே தெரிகிறது. அரபுத் தமிழில் எழுதிய கடிதங்களும், கணவன் சபர் போன வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்களும் அதில் இல்லை. அவர் மேல் பழி இல்லை. டச்சுக் கணக்குப்பிள்ளைக்கு அவை தேவைப்படவில்லை, அதனால் அவன் எழுதவில்லை. அவையெல்லாம் நம்மவர் வீடுகளில் இருந்தவை. எத்தனையோ குடும்பங்களில் கடை கைமாறியபோதும் வீடு மாறியபோதும் பழைய பேரேடுகள் எடைக்குப் போயின. இன்னொன்று, அவர் எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில்; நடையும் கல்லூரி நடை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நம் மூத்த தலைமுறையினர், தங்கள் பாட்டன் பூட்டனைப் பற்றி ஒருவர் இவ்வளவு எழுதியிருக்கிறார் என்பதை அறியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் 1998 அக்டோபர் 4-ஆம் நாள் காலமானார். சூரத் துறைமுகத்து வணிகரை இதேபோல் ஆராய்ந்து எழுதிய வங்காள அறிஞர் அசின் தாஸ் குப்தாவும் அதே ஆண்டில் மறைந்தார். இந்தியக் கடல் வரலாற்றின் மேற்குக் கரைக்கு அவர், கிழக்குக் கரைக்கு இவர் என்று சொல்லும்படி இருந்தவர்கள் சில மாத இடைவெளியில் போய்விட்டார்கள்.

அரசரத்தினத்தின் கணக்கு 1800-உடன் நிற்கிறது. அதற்குப் பிறகு நீராவிக் கப்பல் வந்தது, சிங்கப்பூர் வளர்ந்தது, கோலாலம்பூரும் கிள்ளானும் எழுந்தன, பாய்மரம் இருந்த இடத்தில் ரஜூலா வந்தது. அந்தக் காலத்துக்கு டச்சுக் காப்பகம் உதவாது. கப்பல் சீட்டு, பழைய பாஸ்போர்ட், கிட்டங்கி ரசீது, ஊருக்குப் பணம் அனுப்பிய துண்டுச் சீட்டு ஆகியவைதான் அதற்குரிய காகிதம். கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டார உறுப்பினர் குடும்பங்கள் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த அத்தகைய சிலவற்றின் படங்களை இம்மலரின் பிற்பகுதியில் அச்சிட்டிருக்கிறோம். வீட்டில் இன்னும் வைத்திருப்பவர்கள் படம் எடுக்க ஒரு நாள் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் போதும். மூலத்தை அன்றே கையில் கொடுத்துவிடுவோம்.